அற்புதசாமி சாரின் நாற்பத்திரண்டு சமன்பாடுகள்

பாலக்கரை அற்புதசாமி சாரைப் பற்றி ஸ்ரீரங்கத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் நாற்பத்திரண்டு என்ற எண்ணைத்தான் சொல்வார்கள். அவர் உயரம், அவர் குடை, ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் உட்கார இடமிருந்தாலும் நின்றுகொண்டே வரும் வழக்கம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நாற்பத்திரண்டு என்பது சமன்பாடுகளின் கணக்கு. 1954-இல் ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞான ஆசிரியராகச் சேர்ந்த கையோடு பழைய கேள்வித்தாள்களை எல்லாம் அலசினார். வேதியியலில் பரீட்சைக்கு வரக்கூடிய சமன்பாடு மொத்தம் நாற்பத்திரண்டுதான், நாற்பத்து மூன்றாவது ஒன்றை ஆண்டவர் படைக்கவில்லை என்று முடிவு கட்டினார். அந்த நாற்பத்திரண்டையும் அவர் விளக்கியதில்லை. பாட வைத்தார்.

அவருடைய அப்பா முசிறிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் உபதேசியார்; பாதிரியார் வராத நாட்களில் ஜெபம் நடத்துபவர். மாதா கோயிலில் மன்றாட்டுமாலை சொல்லும்போது அப்பா ஒரு வரி சொல்ல, ஊர்ச் சனம் மொத்தமும் சேர்ந்து பதில் வரி சொல்லும். அந்த ராகம் மகனுக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. வேலையில் சேர்ந்த முதல் மாதமே அதே ராகத்தில், "துத்தநாகத்தோடு நீர்த்த கந்தக அமிலம்" என்று இழுத்துப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஸ்ரீரங்கத்துப் பையன்கள். பாதிப் பேர் பெரிய கோயில் கோஷ்டியில் நின்று, ஒரு வரிசை தொடங்க மறு வரிசை முடிக்க, பாசுரம் சேவித்துவிட்டு வகுப்புக்கு வருகிறவர்கள். அவர்களுக்கா சொல்லிக்கொடுக்க வேண்டும்? இடது பெஞ்சு வரிசை தொடங்கியது. வலது பெஞ்சு வரிசை, "துத்தநாக சல்பேட்டும் ஹைட்ரஜன் வாயுவும்" என்று கணீரென்று முடித்தது.

அன்றைக்குப் பிடித்தது. ஒரு தடவை கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கால்சியம் கார்பனேட்டு முடியும்வரை கைகூப்பி நின்றுவிட்டுப் போனார். இருபத்து நாலு வருஷம், எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் சமன்பாட்டுக் கேள்விக்கு அவர் பையன் ஒருவனும் மதிப்பெண் இழந்ததில்லை. திருச்சி வட்டாரத்தில் அந்தப் பாடத்துக்கு அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர்.

இதில் ஒரு சங்கதி. சாருக்குச் சமன்பாட்டைச் சமன் செய்யத் தெரியாது.

இரண்டு பக்கமும் அணுக்கள் சரிசமமாக இருக்க வேண்டும் என்று தெரியும். ஏன் இருக்க வேண்டும் என்றும் அழகாகச் சொல்வார். எப்படி அந்த இடத்துக்குப் போய்ச் சேருவது என்பதுதான் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அவர் படித்த காலத்தில் அந்தப் பாடம் நடந்த வாரம் அவருக்கு அம்மை போட்டிருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றித் திரும்பி வந்தபோது வகுப்பு காந்தத்துக்குப் போய்விட்டது. யாரையாவது கேட்டிருக்கலாம். வெட்கம். கல்லூரியில் தாவரவியல் எடுத்துக்கொண்டார். செடிகொடிகள் எதையும் சமன் செய்யச் சொல்லவில்லை. ஆசிரியரானபோது விஞ்ஞானம் என்ற ஒரே தலைப்பில் வேதியியலும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. விட்டுப்போன அந்த ஒரு வாரத்தை மூடி மறைக்கத்தான் நாற்பத்திரண்டும், ராகமும், பெஞ்சு வரிசையும். அவர் மனைவி இருதயமேரிக்குக்கூட இது தெரியாது.

1978-இல் எல்லாம் புரண்டது. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. போய், பத்தாம் வகுப்போடு பரீட்சையும் அதற்கு மேல் பிளஸ் டூவும் என்று வந்தது. பாடப் புத்தகம் புதிது. கேள்வி கேட்கும் விதமும் புதிது. வேதியியலைத் தனி விருப்பப் பாடமாக எடுத்த பையன்களுக்கு மட்டும் நடத்திக்கொண்டிருந்த இன்னொரு ஆசிரியர் அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். வட்டார விஞ்ஞான ஆசிரியர் மன்றம் என்று ஒன்று, பல பள்ளிகளுக்கும் பொதுவாக இடைத்தேர்வுக் கேள்வித்தாள் அடித்துக் கொடுத்தது. அதில் ஐந்து சமன்பாடுகள். ஐந்தில் ஒன்றுகூட நாற்பத்திரண்டில் இல்லை.

விடைத்தாள்களைக் கட்டாகக் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போன அற்புதசாமி, சிவப்பு மையைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு பக்கமும் எண்ணிப் பார்ப்பது. சமமாக இருந்தால் சரி, இல்லாவிட்டால் தப்பு. அப்படியே எண்ணி எண்ணித் திருத்தினார். எதிர்பார்த்ததற்கு மேலாகவே நிறையப் பேருக்குச் சரியாக வந்திருந்தது. அவருக்கே ஆச்சரியம்.

மறுநாள் ஆசிரியர் அறையில் கூட்டல் சரிபார்க்கும் வேலை கணக்கு வாத்தியார் அழகிரிக்கு வந்தது. அழகிரி அடையவளஞ்சான் தெருவில் குடியிருப்பவர். வாயில் எப்போதும் வெற்றிலை. அற்புதசாமிக்கு இருபது வருஷக் கூட்டாளி, ஆகவே மரியாதை குறைவு.

"சாமி, இங்க வாய்யா. இது என்னது?" என்று ஒரு தாளை நீட்டினார்.

ஆராவமுதன் என்ற பையனின் தாள். இரும்பு ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்தால் என்ன வரும் என்ற கேள்வி. Fe₂O₃ + CO → Fe₂ + CO₄ என்று எழுதியிருந்தான். பக்கத்தில் பெரிய சிவப்புச் சரி.

"ஏன், சரியாத்தானே இருக்கு? இந்தப் பக்கம் நாலு ஆக்சிஜன், அந்தப் பக்கம் நாலு ஆக்சிஜன்."

"எண்ணிக்கை சரிதான். கார்பன் மோனாக்சைடு எனக்குத் தெரியும். டை ஆக்சைடு தெரியும். இந்த சி ஓ ஃபோர் யாரு, மாப்பிள்ளை வீட்டு வகையறாவா?"

அற்புதசாமி தாளை வாங்கினார். அப்படி ஒரு பொருள் உலகத்தில் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சரி போட்டிருந்தார். அடுத்த தாளைப் புரட்டினார். அதிலும் சி ஓ ஃபோர். அதற்கடுத்ததில் இரும்பு எட்டு. கணக்கு இடிக்கிற இடத்தில் எல்லாம் பையன்கள் பொருளின் காலடியில் இருக்கும் சின்ன எண்ணைத் தட்டிக் கொட்டிச் சரிப்படுத்தியிருந்தார்கள். தண்ணீருக்கு இன்னொரு ஆக்சிஜனைத் தொங்கவிட்டு வேறு எதையோ ஆக்கியிருந்தார்கள். அத்தனைக்கும் அவர் கையால் சரி.

"அழகிரி," என்றார். அறையில் வேறு யாரும் இல்லை என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். "எனக்கு இது வராதுய்யா."

"எது வராது?"

"இது. புதுசா ஒண்ணு குடுத்தா சமன் பண்ண வராது. என்னைக்குமே வந்ததில்லை."

அழகிரி வெற்றிலையைக் கன்னத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார். சிரிக்கப் போகிறார் என்று அற்புதசாமி காத்திருந்தார். சிரிக்கவில்லை.

"இருபத்து நாலு வருஷமாவா?"

"ஆமா."

"கெட்டிக்காரன்ய்யா நீ," என்றார் அழகிரி, உண்மையான வியப்போடு.

விஷயம் அதோடு அடங்கியிருக்கும். தாள்களைத் திரும்ப வாங்கித் திருத்திவிட்டு, புதுச் சமன்பாடுகளையும் சேர்த்து நாற்பத்தேழாகப் பாட வைத்திருப்பார். ஆனால் அதே வாரம் தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். முகமெல்லாம் பல். மன்றத்தின் மாதிரி வகுப்பு இந்தத் தடவை இவர்கள் பள்ளியில். நவம்பர் பதினெட்டு, சனிக்கிழமை. வட்டாரத்திலிருந்து நாற்பது ஆசிரியர்கள் வந்து பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். பாடம்: சமன்பாடுகளைச் சமன் செய்தல். நடத்துபவர்: திரு. அற்புதசாமி. கடைசி வரியில், மன்றத் தலைவரும் ஓய்வு பெற்ற விரிவுரையாளருமான திரு. சகாயநாதன் அந்த இடத்திலேயே ஒரு சமன்பாட்டைக் கொடுப்பார் என்றிருந்தது.

"உங்களை விட்டா யாரு சார்?" என்றார் தலைமையாசிரியர்.

அற்புதசாமி கடிதத்தை இன்னொரு தடவை படித்தார். நாற்பது ஆசிரியர்கள். அவர்களில் பாதிப் பேர், "நீங்கதானே சார் அந்தப் பாட்டு சார்?" என்று பஸ்ஸில் பார்த்தால் எழுந்து நிற்கிறவர்கள். அவர்களுக்கு முன்னால், தெரியாத ஒரு சமன்பாட்டை வைத்துக்கொண்டு, கையில் சாக்பீஸோடு. இரண்டு வாரம் இருந்தது.

"நாலு மணிக்கு மேல லேபுக்கு வந்துடு," என்றார் அழகிரி. "எனக்கு வேதியியல் தெரியாது. உனக்குக் கணக்கு தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு வாத்தியார் தேறும்."

அப்படித்தான் அந்த வகுப்பு தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டதும் ஆய்வகக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அழகிரி பலகைக்குப் பக்கத்தில். அற்புதசாமி பையன்கள் உட்காரும் பெஞ்சில், முட்டி மேசையில் இடிக்க.

"இதுல கெமிஸ்ட்ரியே இல்லைய்யா," என்றார் அழகிரி முதல் நாள். "தெரியாத எண்ணுக்கு எல்லாம் ஏ, பி, சின்னு பேரு வெச்சுடு. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு கணக்கு. தீர்த்தா வந்துடும்."

அசிட்டிலீன் எரிகிற சமன்பாட்டை எடுத்துப் பலகை முழுக்க எழுதித் தீர்த்தார். C₂H₂ ஒன்று, கார்பன் டை ஆக்சைடு இரண்டு, தண்ணீர் ஒன்று, ஆக்சிஜன் இரண்டரை.

"ரெண்டரையா?" என்றார் அற்புதசாமி. "அரை மூலக்கூறுக்கு நான் எங்கய்யா போவேன்? மார்க்கெட்ல அரைப் பூசணிக்காய் குடுக்கிற மாதிரி வெட்டித் தருவானா?"

"அப்ப எல்லாத்தையும் ரெண்டால பெருக்கு."

ரெண்டு, அஞ்சு, நாலு, ரெண்டு. அற்புதசாமி இரண்டு பக்கமும் எண்ணினார். கார்பன் நாலு, நாலு. ஹைட்ரஜன் நாலு, நாலு. ஆக்சிஜன் பத்து, பத்து. மறுபடியும் எண்ணினார். பரீட்சை எழுதிய பையன் போல முகம் மலர்ந்துவிட்டது.

"காலடியில இருக்கிற நம்பர் இருக்கே," என்று அவராகவே மெதுவாகச் சொன்னார், "அது அதோட பிறவிக் குணம். அதைத் தொடக் கூடாது. முன்னால நிக்கிற நம்பர்தான் நம்ம கையில இருக்கு."

"அதைத்தான் நான் ஒரு மணி நேரமா சொல்றேன்."

"நீ ஏ, பி, சின்னு சொன்னே."

நாலாவது நாளுக்கெல்லாம் ஏ, பி, சி தேவைப்படவில்லை. இரண்டு பக்கத்திலும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் வருகிற தனிமத்தை முதலில் பிடிக்க வேண்டும், ஊரெல்லாம் சுற்றுகிற ஆக்சிஜனைக் கடைசிக்குத் தள்ள வேண்டும் என்பது அற்புதசாமிக்கே பிடிபட்டது. அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் பொட்டாசியம் குளோரேட்டு. சகாயமாதா கோயிலில் ஞாயிறு பூசையில், கையில் ஜெபமாலை உருள, உதடு முணுமுணுத்தது ஆக்சிஜன் எண்ணிக்கை. இருதயமேரி முழங்கையால் ஓர் இடி இடித்தாள்.

"என்னங்க, பதினாலு, பதினாறுங்கிறீங்க? ஜெபமா, ஏலமா?"

"ஜெபந்தான் மேரி. கொஞ்சம் புது ஜெபம்."

இதற்கிடையில் பள்ளிக்கூடத்தில் வேறு ஒரு கதை கிளம்பியிருந்தது. ஆய்வக உதவியாளர் பிச்சமுத்து, ஜீயபுரத்திலிருந்து சைக்கிளில் வருகிற நாற்பது வயதுக்காரர். குடுவை கழுவுவதிலிருந்து அமிலம் அளப்பதுவரை எல்லாம் அவர்தான். பெரிய வாத்தியார்கள் இரண்டு பேர் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு எண்களாக எழுதிக் கிழித்துப் போடுவதைப் பார்த்தார். லாட்டரிச் சீட்டுக் காலம் அது. அவருக்குப் புரிய வேண்டியது புரிந்தது. குப்பைக் கூடையிலிருந்து ஒரு தாளை எடுத்து, 2542 என்று முடிகிற சீட்டாகத் தேடிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கினார். குலுக்கல் முடிந்த மறுநாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"சார், நீங்க படிச்சவங்கன்னு நம்பினேன். ஒரு நம்பர்கூடத் தேறலை."

விஷயம் விளங்கியதும் அழகிரிக்கு வெற்றிலை புரையேறியது. "அது அசிட்டிலீன்ய்யா பிச்சமுத்து! எரியும், ஆனா விழாது."

சிரித்தார்கள். ஆனாலும் நாள் நெருங்க நெருங்க அற்புதசாமிக்குக் கவலை ஏறியது. வருவது எதுவாக இருக்கும்? கடைசி நிமிஷத்தில் எல்லாம் மறந்து, கை பழைய வழக்கப்படி சின்ன எண்ணைத் தட்டிவிட்டால்? வெள்ளிக்கிழமை இரவு சாப்பாடு இறங்கவில்லை. இருதயமேரி இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றியபோது உண்மையைச் சொல்லிவிட்டார். அம்மை போட்ட வாரத்திலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும்.

அவள் கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள். "இப்ப வருதா?"

"வருதுன்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப இன்னும் ரெண்டு இட்லி சாப்பிடுங்க. வராதப்பவே இருபத்து நாலு வருஷம் தள்ளிட்டீங்க. வர்றப்ப என்ன?"

சனிக்கிழமை காலை தூறிக்கொண்டிருந்தது. முன் பெஞ்சுகளில் பத்தாம் வகுப்புப் பையன்கள், நெற்றியில் புது நாமமும் சலவைச் சட்டையுமாக. பின்னால் நனைந்த குடைகளோடு நாற்பது ஆசிரியர்கள். அழகிரி கதவோரம், பக்கத்தில் பிச்சமுத்து. சகாயநாதன் பருத்த உடம்புக்காரர். தங்க பிரேம் கண்ணாடி. பேச்சை ரசித்துப் பேசுகிறவர். பலகைக்குப் போகும்போதே தலைமையாசிரியரோடு ஏதோ பேசிக்கொண்டு போனார். பேசிக்கொண்டே எழுதினார். எழுதிவிட்டுச் சாக்பீஸை அற்புதசாமி கையில் வைத்தார்.

"ஒரு நல்ல சமன்பாடு குடுத்திருக்கேன். நடத்துங்க."

Cu + HNO₃ → Cu(NO₃)₂ + H₂O

செம்பும் நைட்ரிக் அமிலமும். நாற்பத்திரண்டில் இல்லை. நைட்ரிக் அமிலத்தின் பக்கமே அவர் போனதில்லை. முதலில் ஒரு தடவை முழுதாகப் படித்தார். பிறகு பார்த்தார்: செம்பு ஒரே இடம், ஒரே இடம். நைட்ரஜனும் அப்படியே. அடடே, லேசானதுதான்.

"ஆராவமுதா, செம்பு?"

"இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு சார்."

"நைட்ரஜன்?"

இடது வரிசை, "ஒண்ணு" என்றது. வலது வரிசை, "ரெண்டு" என்றது. பின்னால் யாரோ ரசித்துச் சிரித்தார்கள். அமிலத்துக்கு முன்னால் இரண்டு போட்டார். ஹைட்ரஜன் இரண்டுக்கு இரண்டு, தானாகச் சரியானது. இன்னும் ஆக்சிஜன் மட்டுந்தான். இடது வரிசை ஆறு என்று முடித்தது.

வலது வரிசை தடுமாறியது. உப்பில் ஆறு. தண்ணீரில் ஒன்று. "ஏழு சார்."

எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினார். பன்னிரண்டு, பதினாலு. மூன்றால் பெருக்கினார். பதினெட்டு, இருபத்தொன்று. ஏற்ற ஏற்ற வலது பக்கம்தான் மிஞ்சியது. பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. சகாயநாதன் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆராவமுதன் கையைத் தூக்கினான். "சார், தண்ணியில அந்த ஓவை அழிச்சுட்டா சரியாப் போயிடும் சார்!"

உண்மைதான். ஒரு விரலால் துடைத்தால் போதும். உப்பும் ஹைட்ரஜனும் என்று ஆகிவிடும். துத்தநாகத்துக்கு வருஷா வருஷம் பாடுகிற அதே வரி, அதே ராகம். பின்னால் இருப்பவர்களில் பாதிப் பேர் கவனிக்கவே மாட்டார்கள். அற்புதசாமியின் விரல் பலகை வரைக்கும் போய்விட்டது. சாக்பீஸ் தூள் படிந்த அந்த விரலை அவரே யாருடையதோ போலப் பார்த்தார்.

"அழிச்சா சரியாப் போயிடும்டா," என்றார். "ஆனா தண்ணி தண்ணியா இருக்காதே. அது நம்ம கையில இல்லை."

கையை இறக்கினார். திரும்பினார்.

"ஐயா, இது சமனாகாதுங்க."

மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. தலைமையாசிரியர் முகத்தில் இருந்த பல் எல்லாம் மறைந்தது.

"சமனாகாதா?" என்றார் சகாயநாதன், புன்னகை மாறாமல். "உங்களுக்கு வரலைன்னு சொல்லுங்க சார்."

இருபத்து நாலு வருஷமாக எந்த வார்த்தைக்குப் பயந்தாரோ அதே வார்த்தை, நாற்பது பேருக்கு முன்னால், மாலை போட்ட மாதிரி கழுத்தில் வந்து விழுந்தது. விழுந்த பிறகு பார்த்தால் அவ்வளவு கனமாக இல்லை.

"வராதுதாங்க," என்றார் அற்புதசாமி. "இத்தனை வருஷமா எனக்கு இது வராது. மனப்பாடம் பண்ணி, பாட்டாப் பாடி ஓட்டினேன். இந்த ரெண்டு வாரமாத்தான் வருது. அதனாலதான் தைரியமாச் சொல்றேன், இது சமனாகாது. நைட்ரஜனைச் சரி பண்ணின உடனே ஆக்சிஜன் உப்போட முடிஞ்சு போச்சு. அப்புறம் தண்ணிக்கு ஆக்சிஜன் எங்கேருந்து வரும்? வலது பக்கம் ஏதோ ஒண்ணு விட்டுப்போயிருக்குங்க. என்னன்னு எனக்குத் தெரியலை. ஆனா விட்டுப்போயிருக்கு."

சகாயநாதன் கண்ணாடியைக் கழற்றினார். அதற்குள் கதவுப் பக்கமிருந்து ஒரு குரல்.

"சார், அந்தச் செவப்புப் புகை எங்க சார் போச்சு?"

நாற்பது தலைகளும் திரும்பின. பிச்சமுத்து அழகிரிக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். அழகிரி முன்னால் தள்ளிவிட்டார்.

"இல்ல சார்... பழைய கெமிஸ்ட்ரி சாருக்கு வருஷா வருஷம் நான்தான் இதை ஏற்பாடு பண்ணித் தருவேன். செம்புத் துண்டுல இந்த அமிலத்தை ஊத்தினா குப்புனு செவப்பா, காவி நிறத்துல ஒரு புகை வரும். நாலு நாளைக்கு இருமல் போகாது. பலகையில அது இல்லையேன்னு கேட்டேன் சார்."

சகாயநாதன் பலகையைப் பார்த்தார். உதட்டை அசைத்து ஒரு தடவை எண்ணினார். பிறகு அந்தப் பருத்த உடம்பு மெல்லக் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று எல்லோருக்கும் புரியச் சற்று நேரம் ஆனது.

"முப்பது வருஷம் நான் நடத்தின சமன்பாடு," என்றார். "பேச்சு சுவாரஸ்யத்துல நைட்ரஜன் டை ஆக்சைடை ஊதிவிட்டுட்டேன்." எழுந்து போய்த் தம் கைக்குட்டையாலேயே இடம் பண்ணி, NO₂ என்று சேர்த்தார். "சார், இப்ப நடத்துங்க. நீங்க எப்படிப் பண்றீங்கன்னு நானும் பார்க்கணும்."

மூன்றே நிமிஷம். அமிலம் நாலு, புகை இரண்டு, தண்ணீர் இரண்டு. ஆக்சிஜன் பன்னிரண்டு என்று இடது வரிசை சொல்ல, பன்னிரண்டு என்று வலது வரிசை போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த புறா பறந்தது.

வகுப்பு முடிந்து காபியும் வடையும் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் என்ன சொல்வாரோ என்று அற்புதசாமிக்கு இன்னும் உதறல்தான். அவர் சொன்னது இவ்வளவே: "பிச்சமுத்துவுக்கு ரெண்டு வடை வைங்க." ஆனால் ஒருவர் பின் ஒருவராக அந்த நாற்பது பேரில் சிலர் காபித் தம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றார்கள். வானிலையைப் பேசினார்கள். முசிறிப் பஸ் நேரத்தைப் பேசினார்கள். பேசிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்கள்.

"சார், நான் பி.எஸ்ஸி. ஜுவாலஜி," என்றார் முசிறியிலிருந்து வந்திருந்த மதுரைவீரன். அற்புதசாமியைவிட நாலைந்து வயது பெரியவர். "எனக்கும் இந்த எழவு வராது. நாங்க பாடறதுகூட இல்லை. எழுதிப் போட்டுட்டு மணி அடிக்கிறதுக்குக் காத்திருப்போம். அந்தக் கதவைச் சாத்திக்கிட்டுப் படிச்சீங்களாமே, அதுல எங்களையும் சேர்த்துக்க முடியுமா?"

"கதவைத் திறந்து வெச்சே படிக்கலாங்க," என்றார் அற்புதசாமி.

எண்பத்து நாலில் ஓய்வு பெறும்வரை மாதம் ஒரு சனிக்கிழமை அந்த வகுப்பு நடந்தது. முதல் சனிக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். அதில் திருவெள்ளறைப் பக்கத்துப் பெண்கள் பள்ளியிலிருந்து வஹீதா என்ற டீச்சர் ஒருவர், தம் பள்ளிக்கூடத்து ஏழு கேள்விகளோடு. எல்லோரும் பையன்களின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். மதுரைவீரன் சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். பொட்டாசியம் டைகுரோமேட்டும் ஹைட்ரோ குளோரிக் அமிலமும். அந்தப் பக்கம் நாலு பொருள்கள்.

"ஒரு மாசமா மண்டையைக் குடையுது சார். இது எப்படி?"

அற்புதசாமி பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார். வஹீதா டீச்சர் பேனாவைத் திறந்து தயாராக இருந்தார். அழகிரி வாயில் வெற்றிலையோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வரப்போவதில்லை என்று முதுகிலேயே எழுதியிருந்தது.

"தெரியலீங்களே," என்றார் அற்புதசாமி.

சொல்லிவிட்டு ஒரு நொடி காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. மதுரைவீரன், "அப்பாடா, உங்களுக்குமா?" என்றார்.

"கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க," என்று பெஞ்சில் இடம் வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் அமர்ந்து, காகிதத்தை நடுவில் விரித்தார். "ஒரே ஒரு இடத்துல வர்ற ஆளை முதல்ல பிடிப்போம். குரோமியம் எத்தனை?"

"இந்தப் பக்கம் ரெண்டு."

"அந்தப் பக்கம்?"

மதுரைவீரன் விரலை வைத்து எண்ணத் தொடங்கினார்.